கிளையன்ட் போடும் ஸ்டார் ரா ஃபைலோடு போய்ச் சேர வேண்டும்: ஸ்டுடியோவில் இணைந்த பிரிவியூ

கேள்வி: சென்னையில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பட்டுப்புடவை கேட்டலாக் வேலைகள் வர ஆரம்பித்திருக்கின்றன. கேமராவை கேபிள் வழியாக லேப்டாப்பில் இணைத்துதான் எடுக்கிறோம். ஆனால் கிளையன்ட், ஸ்டைலிஸ்ட் எல்லாரும் ஒரே லேப்டாப்பைச் சுற்றி நிற்க முடியவில்லை. படங்களைத் திருத்தி மெருகேற்றும் ரீடச்சரோ வெளியூரில் இருக்கிறார். போனில் படம் அனுப்பிக் கருத்துக் கேட்டால் குழப்பம்தான் மிச்சம். ஐபேடிலும் பிரௌசரிலும் உடனுக்குடன் பிரிவியூ காட்டும் வசதிகளை நம்பி இறங்கலாமா? எப்படி அமைப்பது?

பதில்:

தாராளமாக இறங்கலாம். சின்ன ஸ்டுடியோவுக்குத்தான் இது அதிகம் உதவும், ஏனென்றால் ஒரு புடவையை மறுபடி வரவழைத்து, மாடலை மறுபடி கூப்பிட்டு எடுக்கிற வசதி நமக்குக் கிடையாது. ஆனால் ஐபேட் வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். படத்தின் நகலை ஒருவருக்கு அனுப்புவது வேறு, படத்தோடு இணைந்த பிரிவியூவை அவருக்குக் காட்டுவது வேறு. இரண்டிலும் அவர் பார்ப்பது ஒரு சின்ன ஜேபெக் மாதிரிதான் இருக்கும். அவர் சொல்லும் பதில் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

எனக்கு இது புரிந்தது ஒரு கல்யாணப் பட்டு கேட்டலாக்கில். அப்போது தினமும் இரவு அன்றைக்கு எடுத்ததில் நூறு படங்களைச் சின்னதாக்கி, மெசேஜ் குரூப்பில் போட்டுவிடுவோம். கடைக்காரரிடமிருந்து பதில் வரும்: "அந்த மூணாவது படம் ஓகே. ஆனா முந்தி நல்லா விழுந்தது அதுக்கு அடுத்ததுல இருக்கு, அதையே போட்டுடுங்க." அவருடைய போனில் மூன்றாவது எது? குரூப்பில் போட்டதுமே ஃபைல் பெயர் மாறிப்போயிருந்தது. எங்கள் பக்கம் புடவை எண்ணும் வரிசை எண்ணும் இருந்த இடத்தில், அவர் பக்கம் தேதியும் ஏதோ ஒரு எண்ணும்தான். நாங்கள் ஊகித்து ஒரு படத்தை எடுத்து ரீடச்சிங்குக்கு அனுப்பினோம். இரண்டு நாள் வேலை முடிந்து பார்த்தால், அவர் நினைத்த படத்தில் மாடல் போட்டிருந்தது வேறு ஜிமிக்கி. இதில் யாரும் அலட்சியமாக இல்லை. அவர் பார்த்த நகலிலிருந்து எங்கள் ரா ஃபைலுக்கு, அதாவது கேமரா பதிந்த அசலுக்கு, திரும்பி வர வழியே இல்லை, அவ்வளவுதான்.

இணைந்த பிரிவியூ அந்த வழியைத் திறந்து வைக்கிறது. கேமராவை இணைத்து எடுக்கவும் படத்தைத் திருத்தவும் உதவும் கேப்சர் ஒன் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அந்த ஷூட்டுக்கான செஷன் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். கேப்சர், செலக்ட்ஸ், அவுட்புட், ட்ராஷ் என்று நான்கு ஃபோல்டர்கள் இருக்கும். படம் இருக்கிற ஃபோல்டருக்குள் கேப்சர்ஒன் என்ற பெயரில் இன்னொரு ஃபோல்டர். அதற்குள் ஒரு பக்கம் கேஷ், அதில்தான் பிரிவியூக்கள் இருக்கின்றன. இன்னொரு பக்கம் செட்டிங்ஸ், அதில் ஒவ்வொரு ரா ஃபைலுக்கும் அதே பெயரில் ஒரு குட்டி ஃபைல். நீங்கள் செய்த கலர் திருத்தம், கிராப், படத்தை மதிப்பிட்டுப் போட்ட ஸ்டார், வைத்த கலர் டேக் (நிற அடையாளம்) எல்லாம் அந்தக் குட்டி ஃபைலில்தான். ரா ஃபைலில் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. இப்போது ரா ஃபைலின் பெயரை மட்டும் ஃபோல்டரிலிருந்தே மாற்றிவிட்டு, கேப்சர் ஒன்னைத் திறந்து பாருங்கள். திருத்தம் போய்விடும், ஸ்டார் போய்விடும், அப்போதுதான் எடுத்த படம் போல வெறுமையாக நிற்கும். அந்தக் குட்டி ஃபைல் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறது. சோதனைப் படம் ஒன்றை வைத்து உங்கள் அசிஸ்டென்டையும் உட்காரவைத்து இதைச் செய்து காட்டுங்கள். "பேரை சாஃப்ட்வேருக்குள்ள இருந்துதான் மாத்தணும்" என்று நூறு தடவை சொல்வதைவிட அந்த ஒரு நிமிடம் நன்றாக மனதில் நிற்கும்.

ஐபேடில் கிளையன்ட் ஸ்டார் போட்டால், அது நேராக வந்து உட்காரும் இடம் இதுதான். இரவில் யாரும் உட்கார்ந்து பட்டியல் ஒப்பிட வேண்டியதில்லை.

இந்தத் தேவை புதிதல்ல. ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் கேமராவின் பின்பக்கம் போலராய்டு மாட்டி ஒரு படம் எடுத்து, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து உரித்து, ஆர்ட் டைரக்டர் கையில் கொடுப்பார்கள். லைட்டும் ஃப்ரேமும் சரி என்று அவர் தலையசைத்த பிறகுதான் ஃபிலிம் ஓடும். அந்தப் போலராய்டு துண்டுதான் அன்றைய பிரிவியூ. போலராய்டு நிறுவனம் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது 2008-ல். அச்சு பக்கத்தில் இன்னும் நெருங்கிய உறவு உண்டு. கம்ப்யூட்டர்கள் மெதுவாக இருந்த நாட்களில், பக்கம் வடிவமைப்பவர் ஒரு சின்ன நகலை வைத்து லேஅவுட் செய்வார். பிரிண்டுக்குப் போகும்போது அதே இடத்தில் பெரிய ஸ்கேன் தானாக வந்து உட்காரும். ஓபிஐ என்று அந்த முறைக்குப் பெயர். சின்னதை வைத்து முடிவெடு, பெரியதில் அது தானாக நடக்கட்டும் என்ற எண்ணம் அங்கேயே இருக்கிறது. இன்றைக்கு அது படம் எடுத்த சில விநாடிகளில் நடக்கிறது.

சரி, அமைப்புக்கு வருவோம்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண யுஎஸ்பி 3 கேபிள் 3 மீட்டரைத் தாண்டினால் இணைப்பு நம்பகமாக இருக்காது. டெதரிங்குக்கென்றே, அதாவது கேமராவை கம்ப்யூட்டரில் இணைத்து எடுப்பதற்கென்றே, விற்கும் கேபிள்கள் 4.6 மீட்டர் நீளத்திலும் வருகின்றன. அவை ஆரஞ்சு நிறத்தில் இருப்பது அழகுக்கு அல்ல, இருட்டான ஸ்டுடியோ தரையில் யாரும் காலை மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. கேமரா அருகே கேபிளை ஒரு வளையம் விட்டுக் கட்டிவிடுங்கள். இழுபட்டால் வளையம் இழுபடட்டும், கேமராவின் போர்ட் உடையக் கூடாது. உங்கள் கேமரா கம்ப்யூட்டரிலும் கார்டிலும் சேர்த்துப் பதிய விடுமென்றால் அதைப் போட்டு வையுங்கள். கேபிள் நடுவில் விட்டுப்போன நாளில் அதன் அருமை தெரியும்.

அப்புறம் பெயர். ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டியது இது. வேலைக் குறியீடு, புடவையின் சரக்கு எண், நான்கு இலக்க வரிசை எண். இந்த மூன்றும் போதும். புடவை மாறும்போதெல்லாம் சரக்கு எண்ணை மாற்ற ஒரு ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். மாதம் ஆயிரக்கணக்கில் எடுக்கும் இடங்களில் சரக்குச் சீட்டின் பார்கோடைப் படித்து ஃபைல் பெயரில் ஏற்றிவிடுகிறார்கள். நமக்குக் கையால் அடிப்பதே போதும், அடிக்க மறக்காமல் இருந்தால்.

ஸ்டுடியோவுக்குள் ஐபேடில் காட்டுவதற்கு இன்டர்நெட் வேண்டியதில்லை. தனி ரவுட்டர் ஒன்று வைத்து, லேப்டாப்பையும் ஐபேடையும் மட்டும் அதில் இணையுங்கள். லேப்டாப் ரவுட்டருக்கு ஈதர்நெட் கேபிளில் போகட்டும், ஐபேட் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வரட்டும். மேக்கப் அறையில் இருப்பவர்கள் வீடியோ பார்க்கிற அதே வைஃபையில் இதையும் ஓட்டினால் முக்கியமான நேரத்தில் பிரிவியூ சுற்றிக்கொண்டே நிற்கும்.

வெளியூரில் இருப்பவருக்கு பிரௌசர் லிங்க். கேப்சர் ஒன் 2022-ல் லைவ் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. லிங்கைத் திறந்தவர் புதுப் படங்கள் வருவதைப் பார்க்கலாம், ஸ்டார் போடலாம், கலர் டேக் வைக்கலாம். இன்டர்நெட்டில் ஏறுவது சின்ன பிரிவியூதான், ரா அல்ல. இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதற்கு ஒரு கணக்கு. 61 மெகாபிக்ஸல் கேமராவின் ஒரு ரா ஃபைலை 60 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 10 மெகாபிட்; எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி) என்றால் அது ஒன்று போக 48 விநாடி. ஒரு எம்பி பிரிவியூ ஒரு விநாடிக்குள் போய்விடும். ஒரு நாளில் 800 ஃப்ரேம் எடுக்கிறவர் எதை அனுப்ப முடியும் என்பது இதிலேயே தெரிகிறது.

திருப்பூர் பின்னலாடை ஷூட் போன்றவற்றில் வாங்குபவர் ஜெர்மனியில் இருந்தால் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். அங்கே காலை 9 மணி என்பது குளிர்காலத்தில் நமக்குப் பகல் 1:30, கோடையில் 12:30. அவர் முடிவு சொல்ல வேண்டிய முக்கிய உடைகளை மதியத்துக்கு மேல் வைத்துவிட்டு, லைட் டெஸ்டையும் சாதாரண ஃப்ரேம்களையும் காலையில் முடித்துவிடலாம்.

அடோபியின் லைட்ரூம் கிளாசிக் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துபவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. 2013-ல் வந்த லைட்ரூம் 5-இல் இருந்து ஸ்மார்ட் பிரிவியூ என்று ஒன்று இருக்கிறது. நீளப் பக்கம் சுமார் 2500 பிக்ஸல் கொண்ட, அழுத்திச் சுருக்கிய டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவம்). ரா ஃபைல் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டாலும் இதை வைத்தே எக்ஸ்போஷர், கலர் எல்லாம் திருத்தலாம். டிஸ்க்கை மறுபடி மாட்டியதும் திருத்தம் அசலில் ஏறிவிடும். ஒரு கலெக்ஷனை கிளவுடோடு சிங்க் செய்தால் ஏறுவதும் ஸ்மார்ட் பிரிவியூதான். அதை லிங்காகப் பகிர்ந்து பார்ப்பவரிடமிருந்து கருத்து வாங்கலாம். ஷூட் நடக்கும்போதே காட்டுவதற்கு கேப்சர் ஒன் வழி எனக்குப் பிடிக்கும், ஷூட் முடிந்து ரீடச்சரோடு உட்காரும் வேலைக்கு ஸ்மார்ட் பிரிவியூ நன்றாக இருக்கும். கேமராவிலிருந்து கம்ப்யூட்டரே இல்லாமல் நேரே கிளவுடுக்கு அனுப்பும் வழியும் வந்துவிட்டது. கிளவுடில் பகிர்ந்து கருத்து வாங்க உதவும் ஃப்ரேம்.ஐஓ-வை அடோபி 2021-ல் வாங்கியது, அடுத்த ஆண்டே ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-எச்2எஸ் கேமராவுக்கு இந்த வசதியை அறிவித்தார்கள். வெளிப்புற ஷூட்டுக்கு அது நல்லது. ஸ்டுடியோவில் கேபிளின் நிச்சயத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பட்டுக்கு வருகிறேன். உங்களுக்கு உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

மயில்கழுத்து நிறப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மாடல் தோளைக் கொஞ்சம் திருப்பினால் நீலம் பச்சையாகும். எது "சரியான நிறம்" என்று கேட்டால் கடைக்காரருக்கே இரண்டு பதில் இருக்கும். அதை அவர் தன் போனில், வெயிலில் நின்றுகொண்டு பார்த்து "கலர் தப்பா இருக்கே" என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வாடாமல்லி இன்னும் கஷ்டம். அந்த நிறத்தில் சிவப்பு சேனல் சீக்கிரம் உச்சத்தில் முட்டி, அதற்கு மேல் வித்தியாசம் காட்டாது. எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய நிற வரம்பில் வரும் சின்ன பிரிவியூவில் கொசுவத்தின் மடிப்புகளெல்லாம் மறைந்து ஒரே பூச்சாகத் தெரியும். ரா ஃபைலில் மடிப்பு பத்திரமாக இருக்கும். ஜரிகையில் இன்னொரு தொல்லை. நெருக்கமான நெசவைச் சின்ன அளவுக்குச் சுருக்கிக் காட்டும்போது அலை அலையாகக் கோடுகள் ஓடும். மோரே என்பார்கள். 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் பல சமயம் படத்தில் அது இருக்காது, அந்தச் சின்னப் பிரிவியூவில் மட்டும்தான் இருக்கும். கிளையன்ட் பயந்துபோய் நல்ல ஃப்ரேமை ஒதுக்கிவிடுவார்.

அதனால் ஷூட் ஆரம்பிக்கும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுவேன்: ஐபேடிலும் லிங்கிலும் பார்க்க வேண்டியது முகம், நிற்கும் விதம், முந்தி விழுந்த அழகு, எது வேண்டும் எது வேண்டாம். நிறத்தையும் ஃபோகஸையும் ஸ்டுடியோவில் இருக்கும் ஒரே ஒரு மானிட்டரில்தான் பார்க்க வேண்டும். அந்த மானிட்டர் நிறம் சரிபார்த்து கேலிப்ரேட் செய்ததாக இருக்க வேண்டும், பக்கத்தில் அந்தப் புடவையே ஒரு நல்ல வெள்ளை விளக்கின் கீழ் விரித்திருக்க வேண்டும். ஒவ்வொரு புடவைக்கும் முதல் ஃப்ரேமில் 24 கட்டம் உள்ள கலர்செக்கர் அட்டையை மாடல் கையில் பிடித்திருக்கட்டும். லைட் மாறினால் மறுபடி. வெளியூர் ரீடச்சருக்கு அந்த அட்டைதான் ஒரே சாட்சி. ஐபேடில் திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஒரு தடவை மாலையில் நைட் ஷிஃப்ட் தானாக விழுந்து, திரை மஞ்சளாகி, வெண்பட்டு முழுக்க சந்தன நிறமாகத் தெரிந்தது. லைட்டில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று இருபது நிமிடம் சாஃப்ட்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தோம்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதற்கு வருவோம். எல்லாருக்கும் எல்லாமே உடனே தெரிய வேண்டும் என்று ஆரம்பத்தில் எனக்கும் தோன்றியது. இப்போது அப்படிச் செய்வதில்லை. லைட் டெஸ்ட் நடக்கும்போது ஐபேடை யாரிடமும் கொடுப்பதில்லை. பாதி லைட்டில் எடுத்த படத்தைப் பார்த்துக் கிளையன்ட் மனதில் ஒரு சந்தேகம் விழுந்தால் நாள் முழுக்க அது போகாது. பிறகும் கேப்சர் ஃபோல்டரை முழுசாகப் பகிர்வதில்லை. கண் மூடியது, வாய் கோணியது எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டு, தேறியதை ஒரு ஆல்பத்தில் போட்டு அதை மட்டும் பகிர்கிறேன். மாடலுக்கும் அதுதான் மரியாதை. மானிட்டரையும் அவர் நிற்கும் இடத்திலிருந்து திருப்பி வைப்பேன். தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவரால் இயல்பாக நிற்க முடியாது. அவரே கேட்டால் இடைவேளையில் நல்லதாக ஐந்தாறு காட்டலாம்.

ஸ்டார் போடுவது ஒரே ஒரு ஆள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒரு படத்துக்கு ஸ்டார் வைக்கும் இடம் ஒன்றுதான். கடை முதலாளி ஐந்து போட்டதை அவர் மகள் இன்னொரு ஐபேடில் மூன்றாக்கினால், கடைசியில் நிற்பது மூன்று. முன்னால் ஐந்து இருந்ததற்குச் சுவடே இருக்காது. அதனால் ஸ்டார் கிளையன்ட் பக்கத்தில் முடிவெடுக்கும் ஒருவருக்கு மட்டும். கலர் டேக் நம் ஆட்களுக்கு: மஞ்சள் என்றால் ஸ்டைலிஸ்ட் மடிப்பையோ பின்னையோ கவனிக்கச் சொல்கிறார், ஊதா என்றால் ரீடச்சருக்கு வேலை அதிகம். இதை ஒரு அட்டையில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறோம். முடிவெடுப்பவர் யார் என்பதைக் கிளையன்ட் வீட்டில் கேட்பது கொஞ்சம் சங்கடமாக இருக்கும். "யார் கையில ஐபேட் கொடுக்கட்டும் சார்?" என்று கேளுங்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கேட்டலாக்குக்கு இன்னொரு வசதி, பலரும் தொடாமலே விடுவது: ஓவர்லே. வடிவமைப்பாளர் செய்த பக்கத்தை பிஎன்ஜி-யாகவோ பிஎஸ்டி-யாகவோ வாங்கி, கேப்சர் ஒன்னில் வரும் படத்தின் மேல் மெல்லிசாகப் படியவைக்கலாம். விலை எங்கே, கடை பெயர் எங்கே, இரண்டு பக்கம் சேரும் மடிப்பு எங்கே விழும் என்பதெல்லாம் எடுக்கும்போதே தெரியும். முந்தியை இடது கையில் விரிக்கச் சொல்லி அழகாக எடுத்து முடித்த பிறகு, அந்த முந்தியின் நடு மாங்காய் சரியாகப் புத்தக மடிப்புக்குள் போகிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? ஓவர்லே போட்ட அன்று மாடலை அரை அடி நகர்த்தச் சொன்னோம், அவ்வளவுதான். வடிவமைப்பாளர் வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை, பக்கம் மாறினால் புது பிஎன்ஜி அனுப்பட்டும்.

லிங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தீபாவளிக்கு வரப்போகும் டிசைன் ஆடியிலேயே வெளியே போனால் அந்தக் கடைக்கு உண்மையான நஷ்டம். லிங்குக்கு பாஸ்வேர்டு போடுங்கள், தேதி முடிந்ததும் மூடுங்கள், யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று குறித்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை எந்தச் சாஃப்ட்வேராலும் தடுக்க முடியாது. அதனால் நம்பிக்கையுள்ள நாலு பேருக்கு மேல் லிங்க் போகக் கூடாது.

முதல் முறை செய்யும்போது கிளையன்ட் வேலையில் சோதிக்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரு பட்டை எடுத்து, நண்பர் ஒருவரை வெளியூர் கிளையன்டாக உட்காரவைத்து, அரை நாள் ஓட்டிப் பாருங்கள். கேபிளை நடுவில் நீங்களே பிடுங்கிப் பாருங்கள். ரவுட்டரை அணைத்துப் பாருங்கள். எது நின்றாலும் ஷட்டர் நிற்கக் கூடாது, ரா ஃபைல் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்.

ஷூட் முடிகிற நேரத்தில் நான் செய்வது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். புடவைகள் பெட்டிக்குள் போவதற்கு முன், ஐந்து ஸ்டார் படங்களை மட்டும் வடிகட்டி, சரக்குச் சீட்டுப் பட்டியலை அசிஸ்டென்ட் கையில் கொடுத்து, ஒவ்வொரு எண்ணாக வாசிக்கச் சொல்வேன். ஒரு எண்ணுக்கு ஐந்து ஸ்டார் படம் இல்லையென்றால் அந்தப் புடவை இன்னும் மடிக்கப்படவில்லை, மாடல் இன்னும் மேக்கப் கலைக்கவில்லை, லைட் அதே இடத்தில் இருக்கிறது. போன மாதம் இப்படித்தான் ஒரு அரக்குப் புடவை பட்டியலில் மிஞ்சியது. கிளையன்ட் அந்த நேரம் போன் பேச வெளியே போயிருந்தார், அந்தப் படங்களை அவர் பார்க்கவே இல்லை. ஐபேடை அவரிடம் கொடுத்தோம். ஐந்து நிமிடம் பார்த்து, இரண்டு படத்துக்கு ஸ்டார் போட்டார். அதற்கப்புறம்தான் அந்தப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தோம்.